மூத்தோர் மனநலம், வாசகர் கேள்வி பதில்: “மனசெல்லாம் நல்லாத்தான் இருக்கு, வயிறுதான் சரியில்லை”

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அப்பா அம்மாவைப் பற்றியவை. அறுபதைக் கடந்தவர்கள் தாங்களே எழுதியதும் சில இருக்கின்றன. பெயர், ஊர் எதையும் போடவில்லை, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் எடுத்துவிட்டேன். ஒரே விஷயத்தைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கடிதம் முதலில், என் பதில் அதன் கீழே.

அப்பாவுக்கு 71 வயது. பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு வருடமாக வயிற்றெரிச்சல், வாய்க் கசப்பு, தலை கிறுகிறுப்பு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். எண்டோஸ்கோப்பி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தாகிவிட்டது, எல்லாமே நார்மல். கடைசியாகப் பார்த்த வயிற்று டாக்டர், மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். அப்பா அழுவதில்லை, கவலையாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. “என்னைப் பைத்தியம்னு சொல்றியா” என்று என்மேல் கோபப்படுகிறார். டாக்டர் சொன்னது சரியா?

டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் அம்மா. வயதானவர்களின் மனச்சோர்வு பல நேரம் சோகமாக வராது, உடம்பு வழியாக வரும். வயிறு எரியுது, மலம் சரியாகப் போகவில்லை, முதுகு வலிக்குது, நெஞ்சில் ஏதோ அடைக்குது, காலில் ஏதோ ஊருது என்றுதான் சொல்வார்கள். முப்பது வயதுக்காரர் மனசே சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வருவார். எழுபது வயதுக்காரர் ஜவுளிக்கடைப் பை நிறைய ஸ்கேன் ஃபிலிமோடு வருவார், எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி வைத்திருப்பார், எது எந்த மாதம் எடுத்தது என்று பார்க்காமலே சொல்வார், ஆனால் நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் “ஏதோ போட்டாங்க, ஏதோ தின்னேன்” என்பார். நான் கவனிப்பது அந்தப் பதிலைத்தான்.

அப்பா நடிக்கிறார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். எரிச்சல் நிஜம். வலியை உணர்கிற மூளைப் பகுதிகளும் மனநிலையைப் பார்த்துக்கொள்கிற பகுதிகளும் நிறைய இடங்களில் ஒன்றோடொன்று பிணைந்தவை, அதனால் மனச்சோர்வு வந்தால் சின்ன எரிச்சலும் பெரிதாகத் தெரியும். “உங்களுக்கு ஒண்ணும் இல்லை, எல்லாம் நார்மல்” என்று நாம் சொல்லும்போது அவர் காதில் விழுவது ‘நீ பொய் சொல்கிறாய்’ என்பதுதான். அடுத்த ஸ்கேனுக்கு அவர் அடம் பிடிப்பதும் அதனால்தான்.

வீட்டில் சில விஷயங்களைக் கவனித்துப் பாருங்கள். விடிகாலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு அப்புறம் தூக்கம் வராமல் கிடக்கிறாரா? காலையில் மோசமாக இருந்து சாயங்காலம் கொஞ்சம் தேவலையா? வேட்டி கட்டுகிற இடத்தில் இடுப்பு குறைந்திருக்கிறதா? எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஆறு மாதத்துக்கு முன்பு தினமும் செய்துகொண்டிருந்த எதை இப்போது விட்டுவிட்டார்? பேப்பர் படிப்பது, டீக்கடைக்குப் போவது, முகத்தைச் சவரம் செய்வது, பேரனை ஸ்கூலில் விடுவது, எதுவாகவும் இருக்கலாம். நாற்பது வருடம் விடிவதற்கு முன்பே டிப்போவுக்குப் போய் முதல் நடை எடுத்தவருக்கு, திடீரென்று காலை நாலு மணிக்கு எந்த வேலையும் இல்லை என்று ஆனதே ஒரு பெரிய இழப்பு. அவரே அதை இழப்பென்று நினைத்திருக்க மாட்டார்.

மனநல மருத்துவரிடம் போவதற்கு முன்பு, ஏற்கெனவே பார்க்காமல் இருந்தால், தைராய்டு, ஹீமோகுளோபின், ரத்தத்தில் சோடியம், வைட்டமின் பி12 இந்த நாலையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுபவர்களுக்கும், கேஸ் மாத்திரையை டாக்டரிடம் கேட்காமலே வருடக்கணக்கில் விழுங்குபவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு உண்டு. பி12 குறைந்தாலும் சோர்வு வரும், கால் எரியும், மறதி வரும். அவர் சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

அவரிடம் பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். “இத்தனை நாள் வயிற்றை மட்டும் பார்த்தோம் அப்பா, தூக்கமும் பசியும் கெட்டதற்கும் ஒரு டாக்டரைப் பார்ப்போம், அது சரியானால் எரிச்சலும் குறையுமாம்” என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. பைத்தியம் என்ற வார்த்தைக்குப் பயந்துதான் கோபப்படுகிறார், உங்கள்மேல் இருக்கிற கோபம் இல்லை அது.

வயதானால் சோர்வு, தூக்கமின்மை, விரக்தி எல்லாம் சகஜம்தானே? இதற்கெல்லாம் டாக்டரா?

சகஜம் இல்லை. முட்டி தேய்வதும் கண் மங்குவதும் வயதோடு வருபவை, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் கிடப்பது அப்படிப்பட்டதல்ல. முதியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மனச்சோர்வு இல்லை என்பதே இதற்குச் சான்று. இந்தியாவில் 2017-18இல், 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், அவர்களுடைய கணவர் அல்லது மனைவி என்று 72,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ‘லாசி’ என்ற பெரிய ஆய்வை நடத்தினார்கள். அதில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. ஏற்கெனவே ஒரு டாக்டர் பார்த்து இது மனச்சோர்வு என்று சொல்லியிருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மீதிப் பேருடைய வீட்டில் எல்லாம் நீங்கள் சொன்ன அதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை. சிகிச்சை இருக்கிற ஒரு நோய்க்கு வயதைக் காரணம் சொல்லி, ஒருவரை ஐந்து வருடம் பத்து வருடம் அப்படியே விட்டுவிடுகிறோம்.

அம்மாவுக்கு 68. அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. ஊரில் தனியாக இருக்கிறார், நானும் தம்பியும் சென்னையில். காலையில் வடிக்கிற சோற்றிலேயே ராத்திரி தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு ஏழு மணிக்கே படுத்துவிடுகிறார் என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்கிறார். கோயிலுக்குக்கூடப் போவதில்லை. தலைத்திவசம் முடிந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். சென்னைக்குக் கூட்டி வந்துவிடலாமா?

முதலில் துக்கத்தையும் மனச்சோர்வையும் பிரித்துப் பார்க்க வேண்டும். துக்கம் வந்து வந்து போகும். அப்பாவின் சட்டையைப் பார்த்தால் அழுகை வரும், பேத்தி போனில் ஏதாவது உளறினால் சிரிப்பும் வரும், அவரைப் பற்றிப் பேசினால் ஆறுதலாக இருக்கும். மனச்சோர்வில் பேத்தி வந்து மடியில் உட்கார்ந்தாலும் ஒன்றும் தோன்றாது. ‘நான் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பாரு, நான்தான் கொன்னுட்டேன்’ என்று குற்ற உணர்ச்சி பிடித்துக்கொள்ளும், தான் இருப்பதே தண்டம் என்று தோன்றும். எட்டு மாதம் ஆகியும் சாப்பாடு இப்படி இருக்கிறதென்றால் தலைத்திவசம் வரைக்கும் காத்திருக்காதீர்கள். இந்த மாதமே போய் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்.

கணவரோ மனைவியோ இறந்துபோவது, தனியாக வசிப்பது, கையில் காசில்லாமல் பிள்ளைகளை எதிர்பார்த்து இருப்பது, நீண்ட நாள் நோய், தீராத வலி, முன்பே ஒருமுறை மனச்சோர்வு வந்திருப்பது இவையெல்லாம் ஆபத்தைக் கூட்டுபவை. இவற்றில் இரண்டு உங்கள் அம்மாவுக்கு இருப்பது வெளிப்படையாகத் தெரிகிறது. தெரியாத மூன்றாவது ஒன்றையும் சொல்கிறேன். நம் ஊர்களில் கணவர் போன பிறகு ஒரு பெண்ணுக்கு அவர் மட்டும் போவதில்லை. கல்யாண வீட்டில் முன்னால் நிற்க முடியாது, ஆரத்தித் தட்டைத் தொட முடியாது, வளைகாப்புக்கு வளையல் போடக் கூப்பிட மாட்டார்கள், பூ வைத்துக்கொண்டால் பேசுவார்கள். ஐம்பது வருடம் தெருவில் எந்த விசேஷத்துக்கும் முதல் ஆளாகப் போன பெண்மணி ஒரே நாளில் ஓரமாக நிற்க வேண்டியவர் ஆகிவிடுகிறார். அவர் கோயிலுக்குப் போகாததற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டு அடுத்த விசேஷத்தில் அம்மாவை முன்னால் நிறுத்துங்கள், சொந்தக்காரர்கள் பேசினால் பேசட்டும். நான் எழுதுகிற எந்த மாத்திரையும் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்காது.

சென்னைக்குக் கூட்டி வருவது பற்றி. நல்ல மனசோடுதான் கேட்கிறீர்கள், ஆனால் நீங்களும் உங்கள் மனைவியும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் ராத்திரி எட்டுக்கு வருவீர்கள். மூன்றாவது மாடியில், பூட்டிய கதவுக்குள், எதிர்வீட்டில் யார் என்று தெரியாமல், லிஃப்டில் இறங்கக்கூடப் பயந்துகொண்டு இருப்பதும் தனிமைதான். ஊரிலாவது திண்ணையில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் என்ன அக்கா என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். அதனால் அவரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள், வீட்டை விற்கிற பேச்சை இப்போது எடுக்கவே எடுக்காதீர்கள். சிகிச்சை தொடங்குகிற நேரத்தில் ஒரு இரண்டு மாதம் உங்களோடு வந்து இருக்கட்டும், வீட்டுச் சாவி அவர் கையிலேயே இருக்கட்டும், அப்புறம் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஊரிலேயே இருப்பதென்றால், போனில் பேசும்போது சாப்பிட்டியா என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அதற்கு எப்போதும் ‘ஆச்சு’ என்றுதான் பதில் வரும். இன்று என்ன குழம்பு, தொட்டுக்கொள்ள என்ன, யார் வந்தார்கள் என்று கேளுங்கள், ஒரு வாரத்தில் உங்களுக்கே நிலைமை புரிந்துவிடும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரை கொடுக்க வருகிற ஊழியரிடமும் அம்மாவின் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லி வையுங்கள். கண்ணையும் காட்டிவிடுங்கள். கண்புரையால் ராத்திரியில் பார்வை தெரியாமல், விழுந்துவிடுவோம் என்று பயந்து ஏழு மணிக்கே படுத்துவிடுகிறவர்கள் உண்டு.

அம்மாவுக்கு மறதி அதிகமாகிவிட்டது. கேட்டால் “தெரியலை, ஞாபகமில்லை, என் மூளையே போச்சு” என்கிறார். நெட்டில் பார்த்தால் டிமென்ஷியா என்ற மறதி நோய் என்று போட்டிருக்கிறது. மருந்து கிடையாது என்றும் போட்டிருக்கிறது.

நெட்டைப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். மனச்சோர்வும் மறதி போலவே வரும். கவனம் ஒரு இடத்தில் நிற்காது, கவனிக்காத விஷயம் ஞாபகத்திலும் தங்காது.

ஒரு வித்தியாசம் பல நேரம் உதவும். டிமென்ஷியாவின் தொடக்கத்தில் இருப்பவர் தன் மறதியை மறைப்பார், சமாளிப்பார், “இன்னைக்கு என்ன கிழமை” என்றால் “அதெல்லாம் ரிட்டயர் ஆனவனுக்கு எதுக்கு” என்று பேச்சை மாற்றுவார், பிள்ளைகள்தான் கவலைப்பட்டுக் கூட்டி வருவார்கள். மனச்சோர்வில் இருப்பவர் தானே வந்து மூளை போய்விட்டது என்று புலம்புவார், கேள்வியை முயற்சி செய்துகூடப் பார்க்காமல் தெரியலை என்பார், கொஞ்சம் வற்புறுத்தினால் சரியாகச் சொல்வார். வந்த வேகமும் வேறு. மனச்சோர்வு மறதிக்கு ‘தீபாவளிக்கு அப்புறம்தான் இப்படி’ என்று தேதி சொல்ல முடியும். டிமென்ஷியாவுக்குப் பெரும்பாலும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் சேர்ந்தும் வரும், வயதான காலத்தில் முதல்முறையாக வருகிற மனச்சோர்வு டிமென்ஷியாவின் முன்னோடியாகவும் இருக்கலாம். அதனால் இப்போது சிகிச்சை செய்து, மனநிலை தேறிய பிறகு ஞாபகத்தை மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் திடீரென்று வந்த குழப்பம் என்றால் அது இந்த இரண்டுமே இல்லை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, தலையில் அடி என்று ஏதாவது இருக்கும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம். பிசியோதெரபி செய்ய மாட்டேன் என்கிறார், திடீர் திடீரென்று அழுகிறார். குளிப்பாட்டுவது, மாற்றிவிடுவது எல்லாம் நான்தான். எனக்கு 66 வயது. சில நாள் எனக்கே எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது.

உங்கள் கடைசி வரியை எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன் அம்மா. படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு மனச்சோர்வு வருவது மிகச் சாதாரணமாக நடக்கிறது, அதுவும் வயதான மனைவி தனி ஆளாகப் பார்க்கும்போது. நீங்கள் அவருக்காக டாக்டரிடம் போகிற நாளில் உங்களுக்கும் ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் ‘உதவி பண்ணு’ என்று பொதுவாகச் சொன்னால் யாரும் வர மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளிப்பாட்டுவது உன் வேலை என்று ஆள், நாள் குறித்துச் சொல்லுங்கள். அந்த மூன்று மணி நேரம் நீங்கள் வீட்டில் இருக்கக் கூடாது, வெளியே போங்கள்.

அவருக்கு வருவோம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. கை கால் போன கவலை ஒரு பக்கம், மூளையில் ஏற்பட்ட சேதமே இன்னொரு பக்கம். பிசியோதெரபியை மறுப்பது சோம்பேறித்தனமோ பிடிவாதமோ இல்லை, முயற்சி செய்கிற சக்தியைத்தான் அந்த நோய் முதலில் எடுத்துக்கொள்கிறது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை ஆரம்பித்தால் பிசியோதெரபிக்கும் ஒத்துழைக்கத் தொடங்குவார். திடீர் அழுகை வேறாகவும் இருக்கலாம். சாதாரணமாக யாராவது நலம் விசாரித்தாலே பொங்கி அழுது, அரை நிமிடத்தில் நின்றுவிடும், ஏன் அழுதீர்கள் என்றால் அவருக்கே தெரியாது. அது மூளையில் அழுகையைக் கட்டுப்படுத்துகிற இணைப்புகள் பழுதானதால் வருவது, அதற்கும் மருந்து உண்டு. எந்த வகை என்று நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள்.

வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது தட்டில் சோறு போடும்போதே முகத்தைச் சுளிக்கிறார்கள். என்னோடு யாரும் பேசுவதில்லை. தூக்கம் வரவில்லை. மாத்திரை எழுதித் தாருங்கள். (வயது 74, இன்லண்ட் லெட்டரில் வந்தது)

மாத்திரை தேவைப்படலாம் அம்மா, நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது எது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதை அப்படியே விட்டுவிட்டு மாத்திரை மட்டும் கொடுத்தால் நான் செய்வது நியாயமாக இருக்காது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. பிள்ளைகள் பார்த்துக்கொள்ளாவிட்டால், தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் தலைமையில் இருக்கிற தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்திருந்து அவர்கள் அதைச் செய்யாவிட்டால், பத்திரத்தையே ரத்து செய்யச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. உங்கள் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இதற்கு இலவச உதவி உண்டு. 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கு யார் போனில் இருந்தாவது பேசுங்கள், கட்டணம் இல்லை. மகன்மேல் மனுப் போட மனசு வராது என்று எனக்குத் தெரியும். போடத்தான் வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. உங்கள் அண்ணன் தம்பி, மகள், மகன் மதிக்கிற யாராவது ஒருவரிடம் இதைச் சொல்லுங்கள். வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்று நீங்கள் மட்டும் சுமக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

மாமியாருக்கு மனச்சோர்வு மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாள் சாப்பிட்டார், ஒரு மாற்றமும் இல்லை. அடிமையாக்கிவிடும், வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்கிறார்கள். நிறுத்திவிடலாமா?

பத்து நாளில் மாற்றம் வராது. இந்த மருந்துகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு மூன்று வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய ஆறு வாரம், எட்டு வாரம், வயதானவர்களுக்கு அதற்கு மேலும்கூட ஆகும். டாக்டர் குறைந்த டோஸில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார், அவசரப்பட முடியாது. முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, கொஞ்சம் படபடப்பு வரலாம். நல்லது தெரிவதற்கு முன்பே இவை வந்துவிடுவதால்தான் நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள்.

அடிமையாக்குவது இவை இல்லை. செர்ட்ரலின், எஸ்சிடாலோபிராம் போன்றவற்றுக்கு யாரும் ஏங்குவதில்லை, டோஸைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதும் இல்லை. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும் என்பதால் படிப்படியாகக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை தொடர வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வந்துவிடும். பலமுறை வந்தவர்களுக்கு மட்டும் இன்னும் நீளும்.

பழக்கமாகிவிடுகிற மாத்திரை வேறு. அல்பிரசோலாம், குளோனசிபாம் மாதிரித் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுப்பவை. நம் வீடுகளில் பாட்டியின் டப்பாவில் இது வருடக்கணக்காக இருக்கும், பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொண்டே இருப்பார்கள். வயதானவர்கள் ராத்திரியில் பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்வதில் இதற்குப் பங்கு இருக்கிறது, மறதியும் வரும். மாமியாரின் டப்பாவில் இது இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். இதையும் நீங்களாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது.

இன்னும் ஒன்றை மட்டும் கவனியுங்கள். மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் வயதானவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கும் பி.பி.க்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், ரத்தத்தில் சோடியம் குறையலாம். புதிதாகக் குழப்பமாகப் பேசினால், தள்ளாடினால், வாந்தி வந்தால் உடனே ரத்தம் பாருங்கள். ஆஸ்பிரினோ முட்டிவலி மாத்திரையோ கூடவே சாப்பிட்டால் ரத்தக்கசிவுக்கு வாய்ப்புக் கொஞ்சம் கூடும், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரை பிடிக்கவில்லை என்றால் பேச்சுவழிச் சிகிச்சையும் இருக்கிறது, லேசான மனச்சோர்வுக்கு அதுவே போதுமானதாக இருக்கும்.

அப்பா தினமும் “போய்ச் சேர்ந்தா நல்லது” என்கிறார். எல்லாத் தாத்தாவும் சொல்கிற பேச்சுதானே?

அலுப்பில் சொல்கிற பேச்சாகவும் இருக்கலாம், அப்படி இல்லாமலும் இருக்கலாம். எது என்று ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள். “உயிரை விட்டுடலாம்னு தோணுதா அப்பா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, இல்லாத ஒன்றை நாம் விதைக்கவும் மாட்டோம். கேட்டதும் பலர் அழுதுவிடுவார்கள், யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவர்கள் அவர்கள்.

இளைஞர்கள் தற்கொலைக்கு முயன்றாலும் உயிர் தப்புவது அதிகம், முதியவர்கள் முயன்றால் உயிர் தப்புவது குறைவு. உடம்பில் தாங்குகிற சக்தி இல்லை, தனியாக இருப்பதால் யாரும் சீக்கிரம் பார்ப்பதும் இல்லை. அதனால் நம் பக்கம் தாமதம் கூடாது. பாங்க் பாஸ்புக், நகை, பத்திரம் எல்லாவற்றையும் திடீரென்று எடுத்துக் கொடுத்துக் கணக்குச் சொல்வது, பி.பி. சர்க்கரை மாத்திரைகளை வேண்டுமென்றே நிறுத்துவது, சாப்பாட்டை மறுப்பது, பல நாள் தவித்துவிட்டு காரணமே இல்லாமல் சட்டென்று அமைதியாகிவிடுவது, இதில் எது தெரிந்தாலும் தனியாக விடாதீர்கள். வயல் வீடு என்றால் பூச்சிமருந்தை வீட்டிலிருந்தே அப்புறப்படுத்துங்கள். மாத்திரைகள் உங்கள் கையில் இருக்கட்டும், அன்றன்றைக்கு உரியதை மட்டும் கொடுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இருக்கிறது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. திட்டமே வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் போனோடு நிற்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பணம் இல்லாதவர்கள் எங்கே போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் டாக்டர் குறிப்பிட்ட நாட்களில் வருவார், எந்த நாள் என்று உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மருந்தும் இலவசம். சென்னையில் இருப்பவர்களுக்குக் கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கிறது.

எனக்கு 63 வயது. அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் மனச்சோர்வு இருந்தது. எனக்கு வராமல் தடுக்க முடியுமா? கொஞ்ச நாளாகக் காதும் மந்தமாக இருக்கிறது, அதனால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு இருந்தது என்பதால் உங்களுக்கு வந்தே தீரும் என்று இல்லை, வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். தடுக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. கோவாவில், லேசான அறிகுறிகள் தொடங்கியிருந்த 60 வயதைக் கடந்த 181 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு, டாக்டர் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற சாதாரண ஊழியர்கள் ஆலோசனை கொடுத்தார்கள். பிரச்சினைகளை ஒவ்வொன்றாக எடுத்து எப்படித் தீர்ப்பது என்று உட்கார்ந்து பேசினார்கள், தூக்கத்தைச் சரிப்படுத்தச் சொல்லிக் கொடுத்தார்கள், சர்க்கரையைக் கவனிக்கச் சொன்னார்கள், அரசு உதவிகளைப் பெற வழி காட்டினார்கள். ஒரு வருடத்தில் அவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கு மனச்சோர்வு முழு நோயாக வந்தது, வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு வந்தது. 2019இல் வெளியான ஆய்வு இது. மாத்திரை ஒன்றுகூட இல்லாமல் நடந்த வித்தியாசம்.

உங்கள் விஷயத்தில் எங்கே கை வைக்க வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். காதுதான். கேட்காதபோது என்ன என்ன என்று திருப்பிக் கேட்கக் கூச்சம், தப்பாகப் பதில் சொன்னால் சிரிப்பார்களோ என்ற பயம், அப்புறம் போவதையே நிறுத்துவது, இந்த வழியில்தான் பலர் மெல்ல மெல்ல வீட்டுக்குள் அடங்கிவிடுகிறார்கள். முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அதை எடுத்தாலே சிலருக்குச் சரியாகிவிடும். இல்லையென்றால் கேட்கும் திறனைச் சோதித்து மெஷின் வாங்குங்கள். போட்ட புதிதில் பாத்திரச் சத்தம், ஃபேன் சத்தம் எல்லாம் இரைச்சலாக வந்து எரிச்சல் மூட்டும். மூளை பழக சில வாரங்கள் ஆகும். அந்த எரிச்சலில் கழற்றி பீரோவில் வைத்துவிடாதீர்கள், முதலில் அமைதியான வீட்டில் ஒருவரோடு மட்டும் பேசும்போது போட்டுப் பழகுங்கள், சரியாக இல்லையென்றால் வாங்கிய இடத்துக்குப் போய் மறுபடி அளவு வைக்கச் சொல்லுங்கள். சொந்தக்காரர் வீட்டுக்கும் அடுத்த மாதமே போய் வாருங்கள்.